பிளாஸ்கில் இருந்தது தேத்தண்ணி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மே மாதம் பிறந்தால் மாதா வீடு வீடாக வருவாள். கோயிலில் இருக்கும் பெரிய சுரூபம் இல்லை. முழ உயரத்தில் ஒரு சின்னச் சுரூபம், மூக்கு நுனியில் சுண்ணாம்பு பெயர்ந்தது. தினம் மாலையில் ஒரு வீட்டில் ஜெபமாலை. மாதா அன்றைக்கு அங்கேயே தங்குவாள். மறுநாள் மாலை அடுத்த முறைக்காரர்கள் வந்து, அடிப்பாகம் அறுத்த போத்தலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு, மூடுபனிக்குள் தூக்கிப் போவார்கள். லயத்து வீட்டு வரிசைகளில் கத்தோலிக்க வீடுகள் பதினேழுதான். மீதி நாட்களை இந்து வீடுகள் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதற்கும் போட்டி, அதற்கும் கோபதாபம் உண்டு.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், மாதா எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் குழந்தை செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. முறையை மாற்றிக்கொள்ளலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். பக்தி என்று அவர் நினைத்துக்கொண்டார். பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மாற்றினால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

குழந்தைக்குப் பதினெட்டு நாள். பெண். சாமியார் மாதத்துக்கு ஒரு முறைதான் மலையேறி வருவார். மே முதல் ஞாயிறு பூசையில் ஞானஸ்நானம் என்று சொல்லி வைத்திருந்தோம். அதற்கு ஒரு வாரம் முன்பு காய்ச்சல் கண்டது. விடிந்ததிலிருந்து பால் குடிக்கவில்லை, மூச்சு வாங்கியது. தோட்டத்து மருந்தகத்து டிரசர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா, ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். ஆபீஸ் கிராணியிடம் சொல்லித் தோட்டத்து லோரியைக் கேட்டு வாங்கினோம். முன்னால் டிரைவரும் நானும்தான் உட்கார முடியும். என் வீட்டுக்காரர் அவசரமாக ஒரு பிளாஸ்கை நிரப்பி என் மடியருகே வைத்துவிட்டு, இரவல் மோட்டார் சைக்கிளுக்கு ஓடினார்.

ரிங்லெட் டவுனைத் தாண்டி அணைக்கட்டு ஏரியை ஒட்டிச் சாலை வளையும் இடத்தில் குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. நான் ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கியவள். ஆபத்து வேளையில் சாமியார் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி வார்த்தையைச் சொல்லலாம் என்று எனக்கு மனப்பாடம். பிளாஸ்கைத் திறந்தேன். மூடியில் ஊற்றி, ஆறுமட்டும் இரண்டு முறை ஊதி, தலையில் விட்டேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. பெயரையும் சொன்னேன். ஊற்றி முடித்த பிறகுதான் வாசம் வந்தது. வெள்ளைக் கம்பளித் தொப்பி பழுப்பாகியிருந்தது. பிளாஸ்கில் இருந்தது தேத்தண்ணி.

இன்னொரு முறை சரியாக ஊற்றலாம் என்று நினைப்பதற்குள் குழந்தை போய்விட்டது. வெளியே மழை. கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. இந்தப் பக்கம் மலையிலிருந்து ஓடை ஓடையாய்ச் சாலையில் கொட்டுகிறது, அந்தப் பக்கம் ஏரி நிறைய கிடக்கிறது. அத்தனை தண்ணீருக்கு நடுவில் நான் தேத்தண்ணியை ஊற்றியிருக்கிறேன். புத்தி கெட்டவள்.

டிரைவர் திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, தண்ணி ஊத்திட்டியா?" என்றார். அவரும் வேதக்காரர். "ஊத்திட்டேன்" என்றேன். "அது போதும் லா, அது போதும். புள்ள நேரா மோட்சத்துக்குப் போயிருச்சு" என்று சொல்லி அழுதார். நான் அழவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு மோட்டாரில் நனைந்துகொண்டு வந்து இறங்கிய என் வீட்டுக்காரரிடம் அவரே முந்திக்கொண்டு, "தாயே ஞானஸ்நானம் குடுத்துட்டா" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

தேத்தண்ணி செல்லாது என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும் என்பதுதான் கொடுமை. அவர் இந்துக் குடும்பத்தில் பிறந்து, என்னைக் கட்டுவதற்காக மூன்று மாதம் உபதேசியாரிடம் மந்திரம் படித்து ஞானஸ்நானம் வாங்கியவர். தேயிலைக் கம்பெனிக்காரர் இல்லையா, வகுப்பில் ஒரு நாள், "தேத்தண்ணில ஊத்துனா ஆகாதாங்க?" என்று கேட்டுவிட்டார். உபதேசியாருக்கு வந்ததே கோபம். "பாலும் ஆகாது, எளநியும் ஆகாது, ஒங் கம்பெனித் தேத்தண்ணியும் ஆகாது. மழத்தண்ணி, ஆத்துத்தண்ணி, கெணத்துத்தண்ணி, அவ்வளவுதான்!" லயமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கல்யாணமான பிறகும் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போதெல்லாம், "தலைக்கா, வாய்க்கா?" என்று கேலி செய்வேன்.

எங்கள் கல்லறைத் தோட்டம் பழைய தேயிலை மலைக்கு மேலே. சுற்றிலும் முள்கம்பி வேலி. வேலிக்கு வெளியே ஒரு பெரிய மரத்தடியில் நாலைந்து சின்னக் கற்கள் கிடக்கும், சிலுவை இல்லாமல். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் வாங்காமல் செத்த பிள்ளைகளை அங்கேதான் புதைத்தார்களாம். என் பிள்ளை வேலிக்கு உள்ளே, சிலுவையோடு கிடக்கிறாள். நான் தலையாட்டியதால் உள்ளே கிடக்கிறாள்.

மே முதல் ஞாயிறு சாமியார் வந்தார். ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "தண்ணீர் ஊற்றி, வார்த்தையைச் சரியாகச் சொன்னாயா அம்மா?" என்று கேட்டார். "சொன்னேன் ஃபாதர்." பெயரை எழுதினார். பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு இடத்தில் வந்து முழங்கால் போட்டேன். பொய் சொன்ன வாயில் நன்மை வாங்கினால் என்னவோ ஆகும் என்று சின்ன வயதில் பயமுறுத்துவார்கள். ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பயமும் வரவில்லை. கொழுந்து எடுக்கப் போனேன், கூடை நிறைந்தது, நிறுத்தார்கள், கொட்டினேன், வந்தேன்.

தேத்தண்ணி குடிப்பதை மட்டும் விட்டுவிட்டேன். ஜெபமாலை முடிந்தால் எல்லா வீட்டிலும் அவித்த கடலையும் தேத்தண்ணியும் கொடுப்பார்கள். வயிறு சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிடுவேன். "தேயிலத் தோட்டத்துல பொறந்தவளுக்குத் தேத்தண்ணி ஆகலையாம்டி" என்று பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். வீட்டிலும், அதிசயமாக, அவர் தேத்தண்ணி போடுவதை நிறுத்தியிருந்தார். காலையில் எழுந்தால் அடுப்படியில் எனக்கொரு கோப்பை, அவருக்கொரு கோப்பை, வெறும் சுடுதண்ணி. என் வயிற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

அந்தக் கம்பளித் தொப்பியைத் தேடினேன். யார் கண்ணிலாவது கறை பட்டுவிடக் கூடாதே என்றுதான். துணிமூட்டை, கட்டிலுக்கடி, லோரியின் சீட்டுக்கடி வரை பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் இந்த மனிதருக்குப் பக்தி முற்றிவிட்டது. ஞாயிறு பூசைக்கே நான் பிடரியைப் பிடித்துத் தள்ள வேண்டிய ஆள், மே மாதம் முப்பத்தொரு நாளும் ஜெபமாலைக்குப் போனார். சுரூபத்தைத் தூக்க முன்னால் நின்றார். ஜெபமாலையில் மகிமைத் தேவரகசியம் சொல்ல வேண்டிய நாளில் துக்கத் தேவரகசியத்தை ஆரம்பித்து எல்லாரும் இருமினாலும் விடமாட்டார். கடைசிவரை சொல்லி முடிப்பார். ஜூனில் அந்தோணியார் ரொட்டி சுடுகிற வீட்டில் போய் மாவு பிசைந்தார். வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி. எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளையைப் பெற்றவள் நான் மரக்கட்டையாய்க் கிடக்கிறேன், நேற்று வேதத்தில் சேர்ந்தவருக்கு என்ன இவ்வளவு?

ஜூலையில் அன்னம்மாள் திருநாளுக்கு வடக்கே பஸ் பிடித்தார்கள். மாதாவைப் பெற்ற தாய், பிள்ளை வரம் கொடுப்பவள் என்று பெண்கள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். "வேண்டிக்க தாயி, மறுபடி குடுப்பா." கூட்டத்தில் மெழுகுவர்த்தி கையில் உருகி ஊற்றியது. விரல் வெந்தது தெரிந்தது, வலிக்கவில்லை. வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. போன பிள்ளையே எங்கே இருக்கிறாள் என்று தெரியாதபோது இன்னொன்றை எந்த வாயால் கேட்பது? திரும்பும்போது பஸ் முழுக்கப் பாட்டு. என் வீட்டுக்காரர் பின் சீட்டில் தனியாக மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் பதினைந்து எங்கள் கோயில் திருநாள். பக்கத்துக் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் போடும் சீனர்கள்கூடப் பூ அனுப்புவார்கள். சப்பரத்தை அலங்கரித்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சாமியார் முந்தின நாளே வந்துவிட்டார். பூசைக்கு முன்னால், கோயிலுக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். நான் போவதாக இல்லை. ஆனால் மாதாவின் சப்பரத்தைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது, இந்த ஊர்வலம் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றித்தானே போகும் என்று தோன்றியது. வேலிக்கு உள்ளே இருப்பவளைப் பார்த்து மாதா, இவள் யார் என்று கேட்டால்? பைத்தியக்கார நினைப்புதான். கால் தானாக வரிசைக்குப் போனது.

எனக்கு மூன்று பேருக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் முழங்கால் போட்டு வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது யாரையும் பார்க்காமல், கல்லறைத் தோட்டத்துப் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டார்.

என் முறை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். லோரி, பிளாஸ்க், தலையாட்டியது, புத்தகத்தில் எழுதும்போது சொன்ன பொய், அதற்குப் பிறகு வாங்கிய நன்மைகள். கொழுந்துக் கணக்கு ஒப்பிப்பதுபோல்தான் சொன்னேன். சாமியார் கையால் முகத்தை மூடிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"குழந்தை இருக்கிற இடத்திலேயே இருப்பாள். யாரும் தொடமாட்டார்கள்" என்றார் கடைசியில். "உனக்குக் கிடைத்ததை ஊற்றினாய். ஆண்டவருக்கு அது தெரியும்."

நாலு மாதமாக நான் கேட்க வேண்டியிருந்த சொல் இதுதான். கேட்டேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. "அபராதம் என்ன ஃபாதர்? ஜெபமாலையில் எத்தனை மணி சொல்லட்டும்?" என்றேன்.

"மணி வேண்டாம். உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல். பூசைக்கு முன்னால் சொல். இப்பவே போ."

போனேன். புல் ஈரம். அவர் எங்கள் சிலுவைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நின்றபடியே சொன்னேன்: "நான் ஊத்துனது தண்ணியில்ல. தேத்தண்ணி."

அவர் நிமிரவே இல்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து முழங்காலின்மேல் வைத்தார். வெள்ளைக் கம்பளித் தொப்பி. ஒரு பக்கம் பழுப்பு. எத்தனை முறை துவைத்தாரோ, கம்பளி சுருங்கி உள்ளங்கையளவு ஆகியிருந்தது.

"குளிப்பாட்டறப்பவே பாத்துட்டேன்" என்றார். "நீ சுடுதண்ணிதான் கேட்ட. புள்ளைக்குச் சுடுதண்ணி ஊத்திக் குடுங்கன்னு ரெண்டு தடவ சொன்ன. நாந்தான், காலையிலேர்ந்து நீ பச்சத்தண்ணிகூடப் பல்லுல படாம இருக்கியே, குளுருல போறியேன்னு, போட்டு வச்சிருந்த தேத்தண்ணிய ஊத்திட்டேன். என்னாலதான் நம்ம புள்ளைக்குக் கெடைக்காமப் போச்சு. ஒனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு சொல்லல."

கேட்டது எனக்கே மறந்து போயிருந்தது. தேத்தண்ணியை ஊற்றியது நான் என்று நான் செத்துக்கொண்டிருக்க, தேத்தண்ணியை நிரப்பியது தான் என்று இந்த மனிதர் முப்பத்தொரு நாள் மாதாவைத் தூக்கியிருக்கிறார், மாவு பிசைந்திருக்கிறார், பட்டினி கிடந்திருக்கிறார். தினம் காலையில் சுடுதண்ணியை வைத்திருக்கிறார். ஒரே அடுப்படி. ஒரே பாய்.

"பாவி மனுசா" என்று கத்தினேன். "பாவி மனுசா, நான் குடிக்கணும்னா ஊத்துன? எனக்காகவா ஊத்துன?" அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தேன். அடித்த கையோடு அப்படியே அவர்மேல் சாய்ந்துவிட்டேன். அழுகை வயிற்றிலிருந்து வந்தது. பெற்றபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை.

கீழே மணி அடித்தது. பூசை முடிந்து சப்பரம் புறப்படும்போது தூக்குவதற்கு அவர் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார்கள். "போங்க, கூப்புடுறாங்க" என்றேன். தொப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தார்.