சட்டைப் பையிலிருந்து பார்த்த கல்யாணங்கள்

போன வாரம் கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் கறுப்புச் சட்டையும் கறுப்புப் பேண்டும் போட்ட ஒரு பெண், காதில் எதையோ செருகிக்கொண்டு தன் காலரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ளை கார் வளைவுல திரும்பியாச்சு. பூ டீம் ரெடியா?" அடுத்த நிமிடம் எங்கிருந்தோ நான்கு பேர் பூக்கூடையோடு முளைத்தார்கள். கேமராக்காரர் தலையசைத்த பிறகுதான் மாப்பிள்ளையைக் காரிலிருந்து இறங்கவே விட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் பஞ்சாயத்து அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். இந்த ஒழுங்கை எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. பாராட்டலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் கழுத்து அட்டையில் இருந்த கம்பெனிப் பெயரையும் காதில் இருந்த கருவியையும் பார்த்ததும் பாராட்டாமலே திரும்பிவிட்டேன். என் வலது காது அரிக்கத் தொடங்கியது.

அந்தக் கம்பெனி எங்கள் வீட்டு முன் அறையில் பிறந்தது. அந்தக் கருவியை என் வலது காதில் ஆறு வருடம் மாட்டியிருந்தேன்.

ஆரம்பித்தவள் என் மருமகள் வித்யா. கல்யாணத்துக்கு வேண்டிய மண்டபம், சமையல், பூ, பந்தல், கேமரா எல்லாவற்றையும் இணையத்திலேயே பேசி முடித்து நடத்திக் கொடுக்கும் தொழில். அதில் என் பதவி நடமாடும் கேமரா முக்காலி. சட்டைப் பையில் செல்போனை, கேமரா வெளியே எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு மண்டபம் முழுக்க நடப்பேன். வித்யா வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்தபடி என் காதுக்குள் உத்தரவு போடுவாள்.

"மாமா, கொஞ்சம் திரும்புங்க. அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம். மேடைக்குப் பின்னாடி துணி சுருங்கியிருக்குது பாருங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அம்மிணி."

"உங்களுக்குத் தெரியாதுங்க. உங்க பாக்கெட்டுக்குத் தெரியுது."

நானே சிரித்துவிடுவேன். மண்டபத்தில் தனியாக நின்று சிரிக்கும் கிழவனைப் பார்த்துச் சிலர் ஒதுங்கிப் போனதும் உண்டு.

அவள் ஏன் நேரில் வரவில்லை என்பதைச் சொல்ல, என் மகனிடம் போக வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடம் நிறையவில்லை, பொள்ளாச்சி ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டான். வித்யாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், காப்பீட்டு விண்ணப்பம் எல்லாவற்றையும் நானே எழுதினேன். எந்தத் தாளும் குறை சொல்லித் திரும்பி வரவில்லை. நடைமுறை தெரிந்தவனுக்கு அழ நேரம் கிடைப்பதில்லை என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அவளைக் கூட்டிப்போக அவள் அண்ணன் உடுமலையிலிருந்து வந்தார். "நான் இங்கயே இருக்கறனுங்க. மாமா ஒத்தையில என்ன பண்ணுவாரு?" என்றாள். என் மனைவி அதற்கு முன்பே, மகன் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்விட்டிருந்தாள். ஆக, அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் துணையை இழந்தவர்கள். இதை இப்போது இப்படிச் சேர்த்து எழுத முடிகிறது. அந்த வருடங்களில் ஒருநாள்கூட எனக்கு இது தோன்றியதில்லை.

முதல் கல்யாணம் அவளுடைய கல்லூரித் தோழிக்கு. பெண் துபாயில் வேலை பார்த்தாள், பெற்றவர்களுக்கு ஓடியாட முடியாது. வித்யா முன் அறையில் உட்கார்ந்து போனிலேயே எல்லாம் ஏற்பாடு செய்தாள். மேசை மேல் பத்திரிகை மாதிரிகள் குவிந்து, பசையும் அச்சு மையும் கலந்த ஒரு வாசனை வீட்டுக்குள் வந்தது. சாவு வீட்டு வாசனை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தவள், வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாள்.

"நான் வரலீங்க மாமா. யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்க. போனைப் பாக்கெட்டுல வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

"சரி அம்மிணி" என்றேன். எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு நிமிடம் யோசிப்பது போலவாவது நடித்திருக்கலாம்.

தொழில் வளர்ந்தது. முதலில் ஒரு முகநூல் பக்கம், பிறகு தனி இணையதளம். சித்தூர், பொள்ளாச்சி என்று தொடங்கி, வளைகுடாவில் இருப்பவர்கள், எர்ணாகுளத்துக்காரர்கள் என்று ஆட்கள் வந்தார்கள். போனில் அவள் குரலைக் கேட்டவர்கள் நாற்பது வயதுக்காரி என்று நினைத்து 'மேடம்' என்றார்கள். இணையத்தில் யாருக்கும் நெற்றி தெரியாது. அதனால்தான் இந்தத் தொழில் அவளுக்குப் பிடித்தது என்று எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

என் பங்கு காகிதங்கள். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் ஸ்டேஷன் அனுமதி, பிளாஸ்டிக் டம்ளர் வைக்க மாட்டோம் என்று பஞ்சாயத்துக்கு உறுதி, கல்யாணம் முடிந்து நாற்பத்தைந்து நாளுக்குள் பதிவு. கல்யாண வீட்டார் நிரப்ப வேண்டிய படிவத்தையும் நான்தான் தயாரித்தேன். அதில் ஒரு கேள்வி: சீர்ச் சடங்குக்கு மேடையில் நிற்கும் சுமங்கலிகள் ஐந்து பேரின் பெயர். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டேன். வித்யா அதைப் படித்துவிட்டு, "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்குதுங்க, பெருசாக்கிடறேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு எத்தனை கல்யாணங்களுக்கு அந்த ஐந்து பெயர்களைச் சரிபார்த்தாளோ.

ஊரடங்கு வந்தபோது ஊரில் பாதித் தொழில் படுத்துவிட்டது. எங்கள் முன் அறை எழுந்து நின்றது. பெண் இந்தப் பக்கம், மாப்பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கம். செக்போஸ்டில் யார் எந்தப் பாஸோடு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நான் அட்டவணை போட்டேன். வர முடியாத சொந்தங்களுக்கு அவள் நேரலை ஏற்பாடு செய்தாள். வேலைக்கு இரண்டு பெண்களைச் சேர்த்தோம்.

மண்டபங்களில் எனக்கு நல்ல மரியாதை. "பெரியவங்க, மேல வாங்க, அட்சதை போடுங்க" என்று மேடைக்கு இழுப்பார்கள். நான் மனைவியை இழந்தவன் என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. நானும் கூச்சமில்லாமல் ஏறி வாழ்த்திவிட்டு வருவேன்.

பிறகு பீர்மேட்டிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் பெண். அவளுடைய அம்மா எஸ்தர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருப்பவர். கல்யாணம் நடந்த கிறிஸ்தவக் கோயில் இருந்த இடத்தில் செல்போனுக்கு ஒரு கோடுகூட சிக்னல் கிடையாது. என் சட்டைப் பை அங்கே செல்லாது. வேறு வழியில்லாமல் வித்யா நேரில் வந்தாள். கடைசி மூன்று மைல் ஜீப்பில். பனி மூடிய பாதையில் டிரைவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் முறுக்குத் தின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் திறந்தே வைத்திருந்தாள்.

கோயிலில் பூ வைப்பது, இருக்கை போடுவது எல்லாம் முடிந்ததும், பழக்க தோஷத்தில் அவள் வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். எஸ்தர் பார்த்துவிட்டார்.

"ஏ தாயி, நீ எதுக்கு வெளிய நிக்க? உள்ள வா."

"இருக்கட்டுங்கம்மா, இங்கயே நின்னு பாத்துக்கறேன்."

அங்கே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். விளக்கக் குறிப்பு எழுதுவது என் தொழில்நோய். "அவளுக்கு வீட்டுக்காரர் இல்லீங்க" என்று தணிந்த குரலில் சொன்னேன்.

எஸ்தர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு மட்டும் இருக்காராக்கும்? மருந்தடிக்கப் போன மனுசன் மேல மரம் சாஞ்சு பதினோரு வருசம் ஆச்சு. எம்மவ தலையில நெட்டு வைக்கப் போறது நாந்தான். எவன் கேப்பான்? நீ வா தாயி, இந்த முனைய நீ பிடி."

மணப்பெண் தலையிலிருந்து தரை வரை தொங்கிய அந்த வெள்ளை வலையின் முனையைப் பிடித்துக்கொண்டு வித்யா கோயிலுக்குள் நடந்தாள். நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். வேலை பார்க்கிற முகம் ஒன்றுதான் அவளிடம் இத்தனை வருடம் நான் பார்த்தது. அன்று பார்த்தது வேறு முகம்.

திரும்பும்போது ஜீப்பில் சொன்னாள்: "போன்ல மல்லிப்பூ வாசம் வர்றதில்லீங்க மாமா, தெரியுமா? இத்தனை கல்யாணம் பண்ணியிருக்கறன், இன்னைக்குத்தான் மூக்குல ஏறுச்சு." கொஞ்ச தூரம் போன பிறகு, "இனி எல்லாக் கல்யாணத்துக்கும் நானே வர்றனுங்க" என்றாள்.

"பார்க்கலாம்" என்றேன். அலுவலகத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது கொழிஞ்சாம்பாறையிலேயே, தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். வித்யா சொன்னபடி வந்தாள். பச்சைப் பட்டு, தலையில் கொஞ்சம் பூ. மேடையில் சீர் நடந்துகொண்டிருந்தபோது மணப்பெண் கீழே பார்த்து, "அக்கா, அந்தச் சீர்த்தட்டை நீங்களே எடுத்துட்டு வாங்க" என்று கூப்பிட்டாள். வித்யா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டாள்.

முன் வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நேராக என்னிடம் வந்தார். "ஏனுங்க, தட்டு எடுத்துட்டுப் போகுதே, அந்தப் புள்ள..."

நான் முடிக்கவிடவில்லை. "ஒரு நிமிசங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி ஓடினேன். மேடைப் படியில் அவளை மறித்து, யாருக்கும் கேட்காத குரலில், "அம்மிணி, தட்டை எங்கிட்டக் குடுத்துட்டு நீ கார்ல போய் உக்காரு" என்றேன்.

அவள் தட்டை என் கையில் வைத்தாள், புடவையைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே போனாள். நான் மேடை ஏறினேன். பெண்ணிடம் தட்டைக் கொடுக்க என் முறை வரும்வரை நின்றேன். மனைவி இல்லாத ஒரு கிழவன் சீர்த்தட்டோடு நிற்பதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை.

நேரலை ஓடிக்கொண்டிருந்தது. காரில் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பழக்கத்தில் மாட்டியிருந்த கருவி வழியாக என் காதுக்குள் குரல் வந்தது. எப்போதும் போன்ற அதே குரல்.

"மாமா, தட்டை ரெண்டு கையிலயும் புடிங்க. தேங்காய் சாயுது."

மறுநாள் அவள் வழக்கம்போல வேலை செய்தாள். நான்கு மாதம் கழித்து, "ஆர்டரெல்லாம் எர்ணாகுளத்துல இருந்துதானுங்க வருது, ஆபீசை அங்க மாத்திக்கறேன்" என்றாள். விடுப்புக்கு வைக்கும் மருத்துவச் சான்றிதழை மேலதிகாரி ஏற்றுக்கொள்வது போல அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டேன். முகவரி மாற்ற விண்ணப்பம் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டாள். நானே எழுதிக் கொடுத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கும் பிறகு ஒருநாள் பொள்ளாச்சி பஸ்ஸில் அந்த அத்தை என் முன் சீட்டில் இருந்தார். திரும்பிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னைக்கு நான் கேக்க வந்ததை நீங்க காது குடுத்தே கேக்கலீங்க. எம் மருமவ வளைகாப்புக்கு அந்தப் புள்ளையே நேர்ல வந்து முன்னாடி நின்னு நடத்தித் தருமான்னு கேக்கலாம்னு வந்தனுங்க. நீங்க பாட்டுக்கு ஓடிட்டீங்க."

"அவளுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியாமயா? உங்க பையன் சாவுக்கு நானும் வந்திருந்தனே. அதுக்கென்னுங்க இப்ப? பாவம், சின்னப் புள்ள."

ஊர் மாறியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை எனக்கு வந்து சேரவில்லை. எழுதாத விதி ஒன்றை யாரும் கேட்காமலே அமல்படுத்திய ஒரே அதிகாரி நான்தான். பொள்ளாச்சியில் இறங்கி, எதற்காக வந்தேன் என்பதை மறந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இதை வித்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குப் பாரம் குறையும், அவளுக்குக் கூடும். அல்லது இப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கூப்பிடுவாள். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். இப்போதெல்லாம் எர்ணாகுளத்துப் பக்கம் எல்லாக் கல்யாணத்துக்கும் அவளே போய் மேடையில் நிற்கிறாளாம். நன்றாக இருக்கிறாள். முன் அறையில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறேன். பசை வாசனை போய்விட்டது.

போன மாதம் கூப்பிட்டபோது மட்டும் கொஞ்சம் தயங்கினாள். அங்கே புதிதாக ரேஷன் கார்டு எடுக்க வேண்டும், அதற்கு இந்தக் கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும். "உங்களுக்குத்தானுங்க நடைமுறை தெரியும்" என்றாள். இங்கே கேரளத்தில் வீட்டின் மூத்த பெண் பெயரில்தான் கார்டு. என் மனைவி போன பிறகு, மருமகளாக வந்த வித்யாவின் பெயருக்கு அது மாறியது. முதல் பக்கத்தில் அவள் படம், குடும்பத் தலைவி என்று. என் பெயர் அதற்குக் கீழே, உறவு: கணவரின் தந்தை. மேடைக்கு ஒரு தட்டு எடுத்துப் போக விடாத நான், இத்தனை வருடம் அவளுக்குக் கீழே ஒரு வரியாக இருந்து அரிசி வாங்கித் தின்றிருக்கிறேன்.

சேவை மையத்தில் விண்ணப்பத்தை நானே பிழையில்லாமல் நிரப்பினேன். வீட்டில் பெண் யாரும் இல்லாததால் கார்டு என் பெயருக்கு வந்தது. கம்ப்யூட்டரில் இருந்த பெண், "ஸாரே, வேற பேரு சேக்கணுமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் நான் இருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வரியும் இல்லை.