எந்த வரிசையில் பார்ப்பது

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அவளுக்கு மாலை ஷிப்ட். பஸ் ஓட்டும் புருஷனுக்கு விடிகாலை ஷிப்ட். ஒரே வீட்டில் இருந்தும் மதியம் அரை மணி நேரம்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். அதிலும் பேச என்ன இருக்கிறது? கேஸ் தீர்ந்தது, குழாய் ஒழுகுகிறது, அவ்வளவுதான். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் பேயும் வாளும் ரத்தமுமான ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரை அவரவர் ஓய்வில் பார்க்கத் தொடங்கினார்கள்.

வினை அதில்தான் வந்தது. அவள் தொடர் வெளிவந்த வரிசையில் பார்த்தாள். அவரோ, கண்டக்டர் சொன்னாரென்று, கதை நடந்த கால வரிசைப்படி, கடைசியாக வந்த முன்கதைப் படத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

"அந்தத் தளபதிதான் ஊரையே பேய்க்கு வித்தவன், பார்த்தியா?" என்றார் சாப்பிட்டுக்கொண்டே.

"அவனை நம்பித்தானே பன்னிரண்டு எபிசோட் பார்த்திருக்கேன்! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

"கால வரிசைதான் சரின்னு எல்லாரும்..."

"அப்போ எல்லாரும் வந்து உங்ககூடக் குடித்தனம் பண்ணட்டும்."

நாலு நாள் அந்த அரை மணி நேரமும் பேச்சில்லாமல் போனது. ஐந்தாம் நாள் அவர்தான் இறங்கி வந்தார். "சரி, உன் வரிசையிலேயே முதல்லேருந்து பார்க்கிறேன்."

"தனியாப் பார்க்க வேணாம். ரெண்டு பேருக்கும் சேர்ந்து லீவு வர்ற அன்னைக்கு மட்டும் பார்ப்போம்."

"அது மாசத்துக்கு ஒரு நாள். அன்னைக்கும் ரெண்டு எபிசோடுக்கு மேல கண்ணு தாங்காது. நாற்பத்தெட்டு எபிசோடும் முடிய ரெண்டு வருஷம் ஆகும்டி!"

"ஆகட்டும். எங்கே ஓடப் போறோம்?" என்றவள், வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.