அக்கா கடையில் நான் சார்

அடுத்தவர் சமைத்ததை வாயால் விற்றுப் பிழைக்கிற தொழில் என்னுடையது. சனிக்கிழமை காலைகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் கடை கடையாகச் சாப்பிட்டுப் பார்க்க ‘ஃபுட் வாக்’ கூட்டிப்போகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் காக்கநாட்டு ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள். கொச்சங்காடியில் ஒரே தெருவில் இரண்டு கடை. ஒன்று தமிழ்க் குடும்பம் நடத்தும் இட்லிக்கடை. இன்னொன்று ஆயிஷா இத்தா வீட்டார் பத்திரி என்கிற அரிசிமாவு ரொட்டி சுட்டு விற்கும் கடை. இரண்டையும் ஒப்பிட்டு நாலு வார்த்தை நான் சுவாரசியமாகப் பேசவேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த இட்லிக்கடை என் கூடப்பிறந்த அக்காவுடையது. அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸில் வீட்டு டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்ட சகபாவிகள் யாராவது இருந்தால் மேலே படியுங்கள்.

தெரிந்த கடை

முதல் ஃபுட் வாக்கில் ஒரு பெண் கேட்டாள், கடைக்காரம்மா எனக்குத் தெரிந்தவரா என்று. நான் கடையைப் பார்த்தேன். தரையெல்லாம் ஈரம். அக்கா நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை மாவோடு நிற்கிறாள். என் கழுத்திலோ புது அடையாள அட்டை. “ரொம்ப நாளா வர்ற கடை” என்று சொல்லிவிட்டேன். சொந்தக் கடை என்றால் விளம்பரம் பண்ணுகிறான் என்று நினைப்பார்களே என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பொய். நைட்டியும் ஈரத்தரையும்தான் காரணம்.

இத்தனைக்கும் தேனியிலிருந்து என்னைக் கூட்டிவந்ததே அக்காவும் மச்சானும்தான். அதே கடையில் எட்டு வருஷம் இலை போட்டிருக்கிறேன். மலையாளம் படித்ததும் அங்கே சாப்பிட வந்தவர்களிடம்தான். நான் சொன்னது அக்கா காதில் விழுந்திருக்கிறது. தண்ணீர் செம்போடு வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“சார், உங்களுக்கும் இட்லிதானே?”

உபசாரம்

ஆயிஷா இத்தா கடையில் கதையே வேறு. இத்தா என்றாலும் அக்கா என்றுதான் அர்த்தம். அவரை மட்டும் ஊரறிய அப்படிக் கூப்பிடுவேன், வெட்கமே இல்லாமல். உள்ளே நுழைந்ததும் எங்கிருந்து வருகிறாய், அம்மா சுகமா என்று விசாரிப்பார். மருமகள் பத்திரி சுடுவாள், மகன் கொண்டுவந்து வைப்பான். தட்டு காலியானால் கேட்காமலே இன்னொன்று விழும். பையன்கள் உருகிப்போவார்கள்.

அதனால் அக்கா கடையில் உட்கார்ந்துகொண்டே ஒரு ஜோக் அடிப்பேன். “இங்கே உபசாரம் எல்லாம் எதிர்பார்க்காதீங்க. உட்கார்றதுக்குள்ள இட்லி வந்துடும், எழுந்திருக்கறதுக்குள்ள இலை போயிடும்.” எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாள் பக்கத்து பெஞ்சில் குடோனில் மூட்டை இறக்கும் திண்டுக்கல்காரர் ஒருவர் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. கடைசி வாய் சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

“லாரி வந்து நிக்குது சாரே. அந்த அம்மா நின்னு சுகம் விசாரிச்சா என் வேலை போயிரும். எங்களுக்கு இதுதான் உபசாரம்.”

எட்டு வருஷம் அங்கே இலை போட்டவனுக்கு அது தெரியாமல் போய்விட்டது.

போட்டோ

சில வாரங்கள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். சனிக்கிழமைகளில் அக்கா நைட்டி உடுத்துவதில்லை. இஸ்திரி போட்ட சேலை, தலையில் பூ. தரையும் துடைத்துக் காய்ந்திருக்கும். யாரும் சொல்லி அவள் இதைச் செய்யவில்லை.

எங்கள் ஆட்கள் இத்தாவோடு கட்டிப்பிடித்துப் போட்டோ எடுப்பார்கள். அக்காவோடு யாரும் எடுத்ததில்லை, நான்தான் அவசரப்படுத்தி வெளியே தள்ளிக்கொண்டு போய்விடுவேனே. ஒருநாள் ஒருத்தி மட்டும் போனைத் தூக்கிக்கொண்டு அக்கா பக்கம் போனாள். அக்கா சேலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டாள். என்னையும் அவள் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தால் முகஜாடை தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அவங்களுக்குப் போட்டோ பிடிக்காது என்று குறுக்கே விழுந்து தடுத்தேன். அந்தப் பெண்ணும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் வாசலைத் தாண்டும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள்:

“பிடிக்காதுன்னு நான் எப்ப சார் சொன்னேன்?”

இத்தாவுக்குத் தெரிந்தது

இத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவிடம்தான் இட்லி மாவு வாங்குவாராம். பேச்சுவாக்கில் மச்சான் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை, கூட்டமெல்லாம் சாயா குடித்துக்கொண்டிருக்க, இத்தா என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. அக்காவின் தம்பியா நீ என்று நம்பமுடியாமல் பார்த்தார்.

“சொந்தம் பெங்ஙளா? இத்தர நாளும் எந்நோடு பறஞ்ஞில்லல்லோ மோனே.”

சொந்த அக்காவா, இத்தனை நாளும் என்னிடம் சொல்லவில்லையே மகனே என்கிறார். சாயா கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்தேன்.

சொல்லியே விட்டேன்

அதற்கு அடுத்த வாரம் முடிவோடு போனேன். கோயம்புத்தூர் தம்பதி ஒன்று, காக்கநாட்டுப் பையன்கள் நாலு பேர். எல்லாருக்கும் இட்லி வைத்தாயிற்று. ஜோக் எதுவும் சொல்லாமல் எழுந்து நின்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன். இது என் அக்கா, இது என் மச்சான், நான் வளர்ந்ததே இந்தக் கடையில்தான்.

தோசைக்கல் அருகே நின்ற மச்சான் திரும்பவில்லை. அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைத் துண்டில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அவள் கோயம்புத்தூர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்:

“சார் வர்றவங்ககிட்ட எல்லாம் தமாஷா ஏதாவது சொல்லுவாருங்க. எனக்குத் தம்பின்னு யாரும் இல்ல. நீங்க சாப்பிடுங்க.”

இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்துப் பேரை அந்தக் கடைக்குள் தைரியமாகக் கூட்டிப்போகிறேன், தனியாகப் போகத்தான் எனக்கு முகமில்லை.