எர்மிந்தாவின் கடுக்கன் கோழிகள்

எங்கள் மேட்டில் ஒனோஃப்ரே பெரியப்பா வீட்டுக் கோழிகளுக்கு வால் கிடையாது. பின்பக்கம் அரிவாளால் சீவிவிட்டது போல மொழுக்கென்று முடிந்துவிடும். ஆனால் கன்னத்தில் இரண்டு பக்கமும் இறகுக் கொத்து துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கடுக்கன் என்போம். கல்யாணத்துக்குக் கிளம்பிய கிழவி பாவாடை கட்ட மறந்து கம்மலை மட்டும் மாட்டிக்கொண்டு வந்தது மாதிரி இருக்கும். இதை அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. அவ்வளவு மரியாதை எங்களுக்கும் உண்டு. முட்டை நீலம். பல மழை கண்ட ஜன்னல் சட்டத்தில் மிச்சமிருக்கும் பெயிண்டு நிறம். உடைத்துப் பார்த்தால் ஓட்டின் உள்பக்கமும் நீலம்தான்.

வால் இல்லாததால் நரிக்குப் பிடி கிடைக்காது என்பார் பெரியப்பா. நரிக்கு அந்த விவரம் தெரியாது. அது கழுத்தைக் கவ்விக்கொண்டு போகும்.

கோழிகள் அவருடையவை அல்ல, எர்மிந்தா பெரியம்மாவுடையவை. சோல்சோல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ வந்தபோது, ஒரு சேவலையும் சில பெட்டைகளையும் கூடையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் வந்தவள். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றிச் செத்துப்போனாள். முறைப்படி அவள் வெள்ளி நகைகள் அவள் அக்காவுக்குப் போயின. தறியை அக்கா மகள் கொண்டுபோனாள். பிள்ளைகளும் இல்லை. வீட்டில் அவளுடையது என்று மிஞ்சியது கோழிகள்தான். அந்த வம்சம் அற்றுப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், தனக்கு வேறு வேலையில்லை என்று பெரியப்பா அடக்கம் முடிந்த அன்றே சொன்னார்.

அவர் உயிரோடு இருந்தவளைக் கவனித்ததைவிட அவள் கோழிகளைக் கவனித்தது அதிகம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பொய்யில்லை. மழையில் அவர் நனைவார், கோழி நனையாது. வால் இல்லாத கோழிக்குப் பின்னால் பஞ்சு மயிர் அடைத்துக்கொண்டு சேவல் ஏறினாலும் பலிக்காது என்று, ஒவ்வொரு பெட்டையையும் மடியில் குப்புறப் படுக்கவைத்து மயிர் கத்தரிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் தாடி மழிக்காமல் வருவார். கோழிகளின் பின்புறம் மட்டும் பளபளவென்று இருக்கும்.

எல்லாக் கோழிக்கும் கடுக்கன் இருக்காது. சிலது மொட்டைக் கன்னத்தோடு பொரிக்கும். அதுவும் வாலில்லாதது, நீல முட்டைதான் இடும். ஆனால் பார்வைக்குச் சாதாரணம். எர்மிந்தாவின் கோழி என்றால் கடுக்கன் இருக்க வேண்டும் என்று பெரியப்பா முடிவுகட்டினார். மட்டமானது கலந்து அவள் பேர் கெடக் கூடாது. மொட்டைக் கன்னத்தை எல்லாம் பிரித்து எடுத்து, வருஷா வருஷம் எங்கள் கொடுத்துவாங்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே காசு புழங்காது. விதைக்குக் கோழி, கோழிக்குக் கம்பளி என்று கைமாறும். பெரியப்பாவோ பதிலுக்கு எதுவும் வாங்கவில்லை. இது எர்மிந்தா பேருக்கு என்று சொல்லி ஒவ்வொரு கோழியாகக் கையில் கொடுத்தார். செத்தவர் பேரில் கொடுப்பதை எங்களில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கொடுத்தவரும் திருப்பிக் கேட்பதில்லை.

அதன் பிறகு அவர் வீட்டில் குஞ்சு பொரிப்பது குறைய ஆரம்பித்தது. எங்கள் பக்கம் வசந்தம் தொடங்குகிற செப்டம்பரில், ஆப்பிள் பூத்ததும் அடை வைப்பார். கூழ்முட்டையாக இருந்தாலாவது மனசு ஆறும். இவை கூழ்முட்டை இல்லை. உள்ளே குஞ்சு முழுதாக வளர்ந்து, மயிர் முளைத்து, ஓட்டை உடைக்க வேண்டிய நேரத்தில் செத்துக்கிடக்கும். தப்பிப் பொரித்த ஒன்றிரண்டிலும் மொட்டைக் கன்னம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். கடுக்கன் வைத்தது நோஞ்சானாக நின்று சாகும். இடி விழுந்த அதிர்ச்சி என்றார். கூட்டுக்கடியில் இரும்பு ஆணி வைத்தார். வைக்கோலை மாற்றினார். அடைக்கோழியைத் திட்டினார். கடைசியில் ஒரு கடுக்கன் சேவலும் இரண்டு கடுக்கன் பெட்டைகளும்தான் நின்றன. மூன்றுக்கும் வயதாகிவிட்டிருந்தது.

போன வருஷம் அடை கலைந்த அன்று பக்கத்து வீட்டு குஸ்தோடியா அத்தை வந்திருந்தாள். பெரியப்பா வாசலில் குந்தி, பொரிக்காத முட்டையின் ஓட்டை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். செத்த குஞ்சின் கன்னத்தில் கடுக்கன் முளைவிட்டிருந்தது. அதை அவளிடம் காட்டினார், பார், எவ்வளவு லட்சணமாக வந்திருக்கிறது என்று.

அத்தை அவர் பக்கத்தில் குந்தினாள். பிறகு சொன்னாள்.

“அண்ணே, எர்மிந்தா கடுக்கனுக்குக் கடுக்கன ஜோடி சேத்து நான் பாத்ததே இல்ல. கடுக்கன் சேவலுக்கு எப்பவும் மொட்டக் கன்னந்தான் விடுவா. சேவலுக்கும் பெட்டைக்கும் ரெண்டுக்குமே கடுக்கன் இருந்தா குஞ்சு ஓட்டுக்குள்ளயே செத்துப்போவும்னு சொல்லுவா.”

“எங்கிட்ட சொன்னதில்லையே.”

“நீங்க எப்பக் கோழிக்கூட்டுப் பக்கம் வந்தீங்க? அவ இருந்தவரைக்கும் முட்ட வறுத்து வந்தாத்தான் உங்களுக்குக் கோழி ஞாபகமே.”

பெரியப்பா அந்தக் குஞ்சைக் கீழே வைத்தார்.

“நான் வாரிக் குடுக்கறப்ப பாத்துக்கிட்டுத்தானே இருந்த, தங்கச்சி? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“அவ பேரச் சொல்லிக் குடுத்தீங்கண்ணே. நானே ஒண்ணு கைநீட்டி வாங்கினேன். அத எப்படி வேணாங்கிறது?”

மறுநாளே தேடக் கிளம்பினார். திருப்பிக் கேட்பது முறையில்லை என்பதால் ஒரு சாக்கு விதை உருளைக்கிழங்கைத் தோளில் போட்டுக்கொண்டு, மாற்றிக்கொள்ள வந்தவர் போல வீடு வீடாகப் போனார். அத்தை வாங்கியதை ஏற்கெனவே நரி தின்றிருந்தது. ஒரு வீட்டில் கடையில் வாங்கின செவலைக் கோழிகளோடு கலந்து முட்டை பச்சையாக மாறியிருந்தது. வேண்டுமானால் எத்தனை வேண்டுமோ பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பச்சை முட்டை எர்மிந்தாவுடையது இல்லை என்று வந்துவிட்டார். இன்னொரு வீட்டில், இருந்ததையெல்லாம் மாமனார் சாவுக்கு அறுத்துவிட்டோம் என்றார்கள். அந்தச் சாவுக்குப் பெரியப்பாவும் போயிருந்தார். சூப்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தவர் அவர். அந்த வீட்டு வேலியோரம் அவர் சாக்கை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் நின்றதைப் பார்த்தவர்கள் உண்டு. எதற்கும் சிரிக்கிற எங்கள் ஊரில் அன்று அதை வைத்து யாரும் கேலி பேசவில்லை.

ஆற்றுக்கு அப்பால் பெலிசாரியோ நாவெல்குரா என்பவர் வீட்டில் ஒன்று மிச்சமிருந்தது. மொட்டைக் கன்னம், வாலில்லை, கலப்பும் இல்லை. இது கிழவி ஐயா, முட்டை விட்டு ரொம்ப நாளாச்சு என்று அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். பெரியப்பா சாக்கை முழுதாகக் கவிழ்த்துவிட்டுக் கோழியைத் தன் போஞ்சோக் கம்பளிக்குள் போர்த்திக்கொண்டு வந்தார்.

சேவலுக்குப் பக்கத்தில் விட்டார். அதுவும் தன் வயதை மறந்து இறக்கையைத் தாழ்த்திச் சுற்றிச் சுற்றி வந்தது. கிழக்கோழிக்குப் புழு தோண்டிப் போட்டார். கோதுமையை ஊறவைத்துக் கொடுத்தார். சிப்பியை இடித்து வைத்தார். என் வீட்டுச் செவலைப் பெட்டைகளில் ஒன்றைச் சேவலோடு விடட்டுமா, பச்சை முட்டையானாலும் கடுக்கனாவது மிஞ்சுமே என்று குஸ்தோடியா அத்தை கேட்டாள். அவர் கிழக்கோழிக்கு இன்னொரு பிடி கோதுமை அள்ளிப் போட்டார். கோடை முழுக்கக் காத்திருந்தார். கோதுமை அறுப்புக்குக் கூட ஆள் வைத்துவிட்டுக் கூட்டுப் பக்கமே உட்கார்ந்திருந்தார்.

மார்ச்சில் ஒரு காலை அவர் அத்தையைக் கூப்பிட்ட குரல் எங்கள் வீடுவரை கேட்டது. எல்லாரும் ஓடினோம். கிழக்கோழி முட்டை விட்டிருந்தது. பெரியப்பா அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வைத்திருந்தார். தோல்முட்டை. ஓடு இல்லை. நீலமா பச்சையா என்று பார்க்க அதில் ஒன்றும் இல்லை. வெறும் தோலுக்குள் மஞ்சள் கரு அசைந்தது.

“இத அடை வைக்க முடியாதா, தங்கச்சி?” என்றார்.

அவருக்கே தெரியும். அத்தை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கோழி அப்புறம் முட்டை விடவேயில்லை.

ஜூன் மழையில் சேவல் செத்தது. செவலைப் பெட்டையைக் கொண்டு வா என்று அன்று அவரே அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னார். எதோடு சேர்க்க அண்ணே என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கொண்டுவந்து விட்டாள். அது இப்போது தினமும் பழுப்பு முட்டை இடுகிறது. அவர் எடுத்து எங்களுக்குத்தான் கொடுக்கிறார். மூன்று கிழட்டுப் பெட்டைகளும் மழைக்கு ஒதுங்கி அடுப்பங்கரையிலேயே நிற்கின்றன. அவற்றின் பின்மயிர் வளர்ந்து தரையைக் கூட்டுகிறது. சேவல் இல்லாத வீட்டில் கத்தரித்து என்ன ஆகப்போகிறது.