நாலாவது ஆள்

செஞ்சியில் ஒரு மல்லாட்டை (நிலக்கடலை) மண்டியில் நான் எடை போடுபவனாக இருந்தேன். அங்கே கத்துவதுதான் வேலை. மூட்டை எண்ணிக்கையைக் கத்த வேண்டும், எடையைக் கத்த வேண்டும், தராசில் கால் வைப்பவனைப் பார்த்துத் தனியாகக் கத்த வேண்டும். என் குரல் ராஜகிரிக் கோட்டை மலையில் மோதித் திரும்புகிறது என்று மூட்டை தூக்குபவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். என்ன, வீட்டுக்கு வந்த பிறகும் வேலையை நிறுத்த மாட்டேன். சோறு குழைந்தாலும் கத்தல், கதவு கிறீச்சிட்டாலும் கத்தல்.

1960களின் நடுவில் என் மகளுக்கு ஆறு வயது. என் சைக்கிள் மணி கேட்டதும் நெல் குதிருக்குப் பின்னால் போய்விடுவாள். நல்ல அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மணி கெட்டுப்போனதால் சத்தமில்லாமல் வீட்டுக்குள் நுழைந்தேன். மகள் கையில் ஒரு குச்சியோடு இரண்டு கோழிகளை மூலையில் மடக்கி, "இன்னாடீ மொறைக்கிற? தோலை உரிச்சிடுவேன்!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அச்சு அசலாக என் குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன் நான் பட்டதில்லை.

கடைத்தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர், என் வயதுதான். யார் வந்து என்ன திட்டினாலும் சிரித்துக்கொண்டே மெஷினை மிதிப்பார். எனக்கு அவர் மேல் பொறாமை. மகளைக் கூட்டிக்கொண்டு பாவாடை சட்டைக்கு அளவு கொடுக்கப் போனபோது, அது எப்படி முடிகிறது என்று கேட்டேவிட்டேன்.

"ரங்கூன்ல ஒரு பௌத்த மடத்துல கத்துக்கினேன்," என்றார், அவள் தோளில் டேப்பைப் பிடித்தபடி. "காலையில கண்ண மூடிக்கினு உக்காரணும். பயமில்லாம இருக்கணும், நோவு நொடி இல்லாம இருக்கணும், நிம்மதியா இருக்கணும். இதையே நாலு பேருக்குச் சொல்லணும். மொதல்ல ஒங்களுக்கு. ரெண்டாவது, ஒங்களுக்கு உசுரானவங்களுக்கு. மூணாவது, புடிச்சவனும் இல்ல புடிக்காதவனும் இல்ல, அப்படி ஒருத்தனுக்கு. நாலாவது, ஒங்களுக்கு ஆகாதவனுக்கு."

"ஆகாதவனுக்கு எதுக்கு?"

"அங்க நான் உட்டுட்டு வந்த கடையில இப்ப எவனோ உக்காந்திருக்கான். அவனுக்குத் தினமும் சொல்றேன். சொல்லலன்னா கை நடுங்குது, ஊசியில நூலு கோக்க முடியல."

மறுநாள் விடிகாலை மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். மனசுக்குள் சொல்வது எனக்குச் சரிப்படவில்லை, வாய்விட்டே சொன்னேன். ஆள் மாறும்போது பெயரைச் சொல்லாமல், மண்டிப் பழக்கத்தில் எண்ணிக்கை மட்டும் சொன்னேன். மண்டியில் ஒன்று என்று தொடங்க மாட்டோம், லாபம் என்றுதான் தொடங்குவோம். ஆக, லாபம் நான். எனக்கு நானே நல்லது சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. ரெண்டு, மகள். அது சுலபம், மடமடவென்று முடிந்தது. மூன்றாமவர்தான் அகப்படவில்லை. பிடித்தவனும் இல்லை, பிடிக்காதவனும் இல்லை என்று செஞ்சியில் ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம். ஒன்று என் சொந்தக்காரனாக இருப்பான், இல்லாவிட்டால் நான் சண்டை போட்டவனாக இருப்பான். கடைசியில், தினமும் அந்நேரத்துக்கு ராஜகிரி ஏறும் கோட்டைக் காவலாளியைப் பிடித்தேன். என் மாடியிலிருந்து பார்த்தால் எறும்பளவு தெரிவார். எறும்போடு எனக்கு என்ன சண்டை?

நாலாவது இடத்துக்குத்தான் பலத்த போட்டி. அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு வியாபாரி ஜெயித்தார். மூட்டைக்கு அடியில் ஈர மல்லாட்டை, மேலே காய்ந்தது, அதுதான் அவர் வித்தை. பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கு நிம்மதி வேண்டினேன். உட்காரும் நேரத்தில் முக்கால்வாசி அவருக்கே போய்விடும்.

மூன்றாவது வாரம் அவர் அதே ஈர மூட்டையோடு வந்தார். "காய வெச்சி எடுத்துக்கினு வாங்க," என்றேன், மெதுவாக. அவர் மிரண்டுபோய், "ஒடம்புக்கு இன்னா?" என்று கேட்டார். அவர் சட்டைக் காலர் நைந்து கிழிந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவமாக இருந்தது.

வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. சைக்கிள் மணியைச் சரிசெய்திருந்தேன், அது அடித்தால் மகள் குதிருக்குப் பின்னால்தான். தையல்காரரிடம் போய்ச் சண்டை போடாத குறையாகக் கேட்டேன்.

"சொல்றதுதான் ஒங்க வேலை," என்றார். "கிட்ட வர்றதும் வராததும் பாப்பா இஷ்டம். தெருவுல போறவங்களை இழுத்து வெச்சி நான் அளவு எடுக்க முடியுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அன்று முதல் அவளைக் கூப்பிடுவதை விட்டேன். குதிர் பக்கம் பார்க்காமல் நடந்தேன். கத்தாமல் இருப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் காலை நாலாவது ஆளில் இருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். மாடியின் கடைசிப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நைனா, நாலாவது ஆளு நானா?"

தூக்கிவாரிப் போட்டது. நாலாவது ஆகாதவனுக்கு என்று தையல்காரர் சொன்னபோது அவளும் அங்கேதான் நின்றிருந்தாள். "யாரு சொன்னது?"

"அந்த ஆளுக்குத்தான் ரொம்ப நேரம் சொல்ற. நான் தினமும் படியில உக்காந்து கேக்கறேன்."

"இல்லம்மா. நீ ரெண்டாவது."

"ரெண்டு சீக்கிரம் முடிஞ்சிடுதே," என்றாள்.

ஊரார் மூட்டைக்கெல்லாம் ஒழுங்காக எடை போட்டவன், பெற்ற பிள்ளைக்குக் குறைத்துப் போட்டிருக்கிறேன். "கிட்ட வா" என்று சொல்லவில்லை. அவளாகவே எழுந்து வந்து, ஒரு கை தூரம் விட்டு உட்கார்ந்தாள். ரெண்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். பயமில்லாம இருக்கணும். முதல் வரியிலேயே குரல் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் நான்தான்.

"கேக்கல நைனா," என்றாள். "கொஞ்சம் சத்தமா சொல்லு."