ஜாகா வேலையை மட்டும் பார்

வேதக்கோயிலில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை என்றால் கேட்டைத் திறந்து மூடத் தெரிந்தால் போதும் என்று நம்பித்தான் சேருகிறோம். சபையில் எத்தனை பேரோ அத்தனை முதலாளிகள் என்பது பிறகுதான் தெரிகிறது. சாவிக்கொத்தோடு அலையும் என் சக ஜாகாக்களே, உங்களுக்கு இது புரியும்.

மஞ்சள் பூ

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கோயில் கேட்டுக்குள் ஓர் அங்சானா மரம் நிற்கிறது. பூத்தால் வாசல் முழுக்க மஞ்சள். கூட்டுவது நான்; புலம்புவது செயலாளர் அங்கிள். புதுக் கார் வாங்கியதிலிருந்து அவருக்கு மரத்தைக் கண்டாலே ஆகாது. வெட்டிவிட்டு பார்க்கிங் போட கமிட்டியில் முடிவெடுத்துவிட்டார். "மரத்தடியில வெளியாளுங்கதான் உட்காருறாங்க. இது கோயில் லா, பஸ் ஸ்டாப் இல்ல."

வெளியாள்

அந்த வெளியாட்களில் சிவம் அண்ணனும் ஒருவர். பக்கத்து மசாஜ் சென்டரில் வேலை. கண் பார்வை இல்லை. மத்தியானம் வந்து, குழாயில் தண்ணீர் குடித்து, நிழலில் உட்காருவார். மரம் போகப்போகிறது என்று சொன்னேன். என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "நடந்து வரப்ப தலையில வெயில் அடிக்கிறது நின்னாத்தான் உங்க கேட்டுன்னு தெரியும். இனிமே எத வச்சுக் கண்டுபிடிக்கிறது அக்கா?"

வேதபாடம்

அந்த ஞாயிறு ஆராதனை, படைப்பைப் பேணுவது பற்றி. பிள்ளைகள் தொட்டியில் செடி நட்டார்கள், பெரியவர்கள் படம் எடுத்தார்கள். ஆதாமைத் தோட்டத்தைக் காக்க வைத்த பகுதியைக் கணீரென்று வாசித்தவர் யார்? செயலாளர் அங்கிளேதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அறிவிப்பு நேரத்தில் எழுந்துவிட்டேன். "அங்கிள், ஆதாமுக்குக் கடவுள் குடுத்தது ஜாகா வேலைதானே? பார்க்கிங் போடச் சொன்னாரா?" போதகர் குனிந்து சிரித்தார். வாசலில் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். "மேரி, நீ ஜாகா. ஜாகா வேலையை மட்டும் பாரு."

பூட்டு

பார்த்தேன். திங்கட்கிழமை மரம் வெட்ட லோரி வந்தபோது கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, சிவம் அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கிள் போனில் கத்தினார்: திற, இல்லையென்றால் வேலை போகும். போகட்டும் என்றேன். பயம் இருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. லோரிக்காரர் கம்பி வழியாக எங்களைப் பார்த்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார், கடைசியில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொன்னார்: "லோரி ரோசாக், ஸ்டார்ட் ஆகலன்னு உங்க பாஸ்கிட்ட சொல்லிடுறேன் அக்கா."

அடுத்த கமிட்டியில் என்னை வெளியே அனுப்பலாம். ஆதாமையும் அனுப்பினார்கள்தான், ஆனால் அவர் மரத்தில் கை வைத்ததற்காகப் போனார், நான் கை வைக்க விடாததற்காகப் போவேன்.