ஜொய்சனின் காரும் மண்டூர்க் கேக்கும்

ஜொய்சனுக்கு நாற்பத்தொன்பது வயது. மட்டக்களப்பு நகரத்தில் மின்விசிறியும் கிரைண்டரும் விற்கிற கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த ஆலயத்தில் காணிக்கைத் தட்டுப் பிடிப்பார். இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூட, தலையில் மயிர் கொஞ்சம் குறைவு. இப்படிப்பட்ட மனிதருக்கு இந்த உலகத்தில் வேறு என்ன குறை இருக்கப்போகிறது? ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இல்லாத குறை இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முதல் அதையும் தீர்த்துக்கொண்டார்.

அதற்குப் பலியானது வீட்டு வான். வான் என்றால் பேர் ஜொய்சனின் பேரில், பாவனை மனைவி மேர்லினின் பாவனை. மேர்லின் வீட்டில் கேக் செய்து விற்பவள். கல்யாணக் கேக், பிறந்தநாள் கேக், பூப்புனித நீராட்டு விழாவுக்கு மயில் கேக், எல்லாம் செய்வாள். அந்த வானின் தட்டையான தரையில் அவளுடைய கேக் பெட்டிகள் வரிசையாகக் குந்தி, கௌரவமான சனங்களைப் போல ஊரெல்லாம் பயணம் போய் வந்தன. வான் போய், அந்த இடத்தில் ஒரு பழைய ஜப்பான் கார் வந்து நின்றது. இரண்டு கதவு, இரண்டு இருக்கை, மடித்து வைக்கிற கூரை. பின்பெட்டிக்குள் ஒரு றைஸ் குக்கரை வைத்தால் அதன் மூடியை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"வயசு போக முதல் ஒருக்கா ஆசைக்கு வச்சிருப்பம் எண்டுதான்," என்றார் ஜொய்சன்.

"ஆருக்கு வயசு? காருக்கா?" என்று கேட்டாள் மேர்லின். கார் அவர்களுடைய மகளைவிட மூத்தது.

ஆசைக்கு வைத்திருந்தவர் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கார் வளைவுகளில் சரிகிறது என்று ஒரு கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. நகரத்தில் வேகமாக எடுக்கக்கூடிய வளைவு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் மாடு படுத்திருக்கும். இருந்தாலும் கவலை கவலைதானே. காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் முனாஸ் அந்தக் கவலையில் பங்கெடுத்துக்கொண்டான். இரண்டு பேரும் பின்னேரங்களில் முன் விறாந்தையில் ஒரே போனுக்குள் தலையை நுழைத்து, மலைப்பாதையில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் கார் ஓட்டுவதைப் பார்ப்பார்கள்.

"சேர், உங்கட ஸ்பிரிங்கெல்லாம் கெழடாப் போயிட்டு. கொயிலோவர் ஒரு செட் போட்டமெண்டா காரு றோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும். இவன் ஓட்டுறத்தப் பாருங்களே!"

தேத்தண்ணியோடு வந்த மேர்லின் எட்டிப் பார்த்தாள். "அவன்ட றோட்டையும் ஒருக்காப் பாருங்க தம்பி."

"அதுக்குத்தானே அக்கா கொயிலோவர். ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒண்டாச் சேந்த சாமான். திருகிப் பதிக்கவும் ஏலும், திருகி ஒசத்தவும் ஏலும்."

"அப்ப ஒசத்தி விடுங்க."

இரண்டு பேரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஸ்போர்ட்ஸ் காரை உயர்த்துவதாம்.

"எல்லாம் உனக்காகத்தான் புள்ள," என்றார் ஜொய்சன். "போன மாசம் கேக் ஒருபக்கம் சரிஞ்சிட்டெண்டு நீதானே சொன்ன. இனி ஆடவே ஆடாது."

அந்த வீட்டில் எது வாங்கப்பட்டாலும் மேர்லினுக்காகத்தான் வாங்கப்படும். பெரிய ஸ்பீக்கர் பெட்டி அவள் சமைக்கும்போது பாட்டுக் கேட்பதற்காக வந்தது. மூன்று தூண்டில் தடிகள் அவள் மீன் தின்பதற்காக வந்தன. மீனை இன்றுவரை சந்தையில்தான் வாங்குகிறாள். இப்போது அவளுக்காக நாலு கொயிலோவர்கள் கொழும்பிலிருந்து பார்சலில் வந்து இறங்கின.

முனாஸ் அவற்றைப் பூட்டி, பதிக்கக்கூடிய அளவுக்குப் பதித்துக் கொடுத்தான். ரயருக்கும் அதன் மேல்தகட்டுக்கும் நடுவில் கை நுழையாது. கார் உண்மையாகவே ஆடுவதை நிறுத்திவிட்டது. ஆடுகிற வேலையை அதற்குள் இருப்பவர்கள் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். வீதியில் கிடக்கிற ஒரு குத்திக் காசின் மேல் ஏறினால், விழுந்திருப்பது தலையா பூவா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். மேர்லினின் இடுப்பு, அவள் பேச்சில் நாரி, முதல் நாளே அதைத் தெரிந்துகொண்டது.

"இது விறைப்பு இல்ல, இதுதான் பிடிமானம்," என்று விளக்கினார் ஜொய்சன்.

"பிடிச்சது என்ட நாரியத்தான்."

இந்த நேரம் பார்த்துத்தான் மண்டூரிலிருந்து கண்ணகை என்கிற அம்மா போன் எடுத்தாள். அறுவடை முடிந்த கையோடு மகள் கம்சாயினிக்குக் கல்யாணம். மூன்று தட்டுக் கேக் வேண்டும்.

"உள்ளுக்க வெறும் ரெஜிபோம் கட்டைய வச்சு மேலால ஐசிங் பூசித் தாறதெல்லாம் வேணாம் மகள். மாப்பிள்ள வீட்டாக்கள் கத்தியால குத்திப் பாப்பாங்க. அவங்கட மூத்தவன்ட கலியாணத்தில பொம்பிள வீட்டார வச்சு ஒரு வருசம் சிரிச்சவங்க. மூண்டு தட்டும் கேக்காத்தான் இருக்கணும்."

மேர்லினுக்கு வாவியின் அந்தப் பக்கமான படுவான்கரையிலிருந்து வந்த முதல் ஓடர் அது. அங்கே நெல் வீடு வந்து சேர்ந்ததும் கல்யாணங்கள் வரிசை கட்டும். இந்த ஒரு கேக் குலையாமல் போய், மாப்பிள்ளை வீட்டாரின் கத்திக்கும் தப்பினால் மற்ற வீடுகளும் அவளைத் தேடும். நொறுங்கிப் போனால் அந்தக் கரையில் அவள் பேர் அன்றைக்கே முடிந்துவிடும். இரண்டு நாள் தூங்காமல் செய்தாள்.

"ஓட்டோ ஒண்டு பிடிப்பம். தட்டுகளத் தனித்தனிப் பெட்டியில வச்சு, அங்க போய் அடுக்கலாம்," என்றாள்.

"வீட்டு வாசல்ல ஸ்போர்ட்ஸ் கார் நிக்க ஓட்டோவா? ஊர் சிரிக்கும்!"

ஊர் சிரிப்பதைப் பற்றி ஜொய்சன் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. கேக் விஷயத்தில் தன் கொயிலோவர்களை நிரூபித்தே ஆகவேண்டும் என்று மனிதர் மூக்கு சிவக்க நின்றார். மேர்லின் விட்டுக்கொடுத்தாள். இருபத்து மூன்று வருஷக் குடும்ப வாழ்க்கையில் வாக்குவாதம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதும் ஐசிங் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மூன்று பெட்டிகளுக்குக் காரில் இடமில்லை. ஆகவே மூன்று தட்டையும் வீட்டிலேயே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் குச்சி இறக்கி, கோபுரமாக்கி அவள் மடியில் வைக்கவேண்டியதாயிற்று. மடியில் வைத்தபோது கோபுரம் கூரையில் இடித்தது. ஆகவே கூரையை மடித்தார்கள். வெயில் அடித்தது. ஆகவே வெள்ளைத் துணியால் போர்த்தினார்கள். மடிக்கும் கேக் பலகைக்கும் நடுவில் ஒரு தலையணை. இப்படியாக ஜப்பான்காரன் நாலு ஸ்பிரிங் வைத்துச் செய்த காரில், ஐந்தாவது ஸ்பிரிங்காக மேர்லினின் தொடைகள் சேர்க்கப்பட்டன.

கல்லடியிலிருந்து தெற்கே போகிற வீதி வழுவழு என்று தார்க் காப்பெட் போட்ட வீதி. மாட்டு வண்டியில் கொண்டு போனாலும் கேக் சுகமாகப் போயிருக்கும். ஜொய்சன் கொயிலோவரைப் புகழ்ந்துகொண்டே, மதகு வருகிற இடமெல்லாம் நடைவேகத்துக்கு இறங்கினார். மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள்காரர் முந்திப் போனார். வெள்ளைத் துணி போர்த்திய எதையோ கட்டிப்பிடித்தபடி கூரையில்லாக் காரில் போகிற பெண்ணைக் கண்டு, பஸ் தரிப்பில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். களுவாஞ்சிக்குடியில் வீதிக்குக் குறுக்கே மேடாக ஒரு பம்ப். முன்னுக்கு 'கிரீச்', பின்னுக்கு 'டங்'. துணிக்குள் ஏதோ மெல்ல நொறுங்கிய சத்தம்.

"இஞ்சேருங்க, வெடிச்சிட்டு."

"என்ன? காரா?" ஜொய்சனின் முகம் வெளிறிவிட்டது.

"கேக்!"

"ஓ, கேக்கா," என்று மூச்சு விட்டவர், மனைவியின் பார்வை பட்டதும், "எவ்வளவு தூரம்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

நடுத்தட்டில் விரல் நீள வெடிப்பு. பின்பக்கம் திருப்பி வைத்து ஒரு பூவை ஒட்டினால் மறையும். இன்னொரு அடியை அது தாங்காது.

மண்டூருக்குப் பட்டிருப்புப் பாலத்தால் தரைவழியாகவும் போகலாம். ஆனால் அறுவடைக் காலம். அந்தப் பக்க வீதிகளில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருப்பார்கள். இந்தக் கார் போனால் நெல்லைச் சுரண்டி அள்ளிக்கொண்டுதான் போகும். மிச்சப் பாதி வீதி குழியும் கல்லும். ஜொய்சன் குருமண்வெளியால் வாவியைக் கடக்கத் தீர்மானித்தார். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற இரும்பு மிதவை ஒன்று அங்கே ஓடுகிறது. 'பாதை' என்பார்கள்.

"தண்ணியில பம்ப் இல்லத்தானே," என்றார் ஜொய்சன். வீதிக்காகக் கார் திருத்திய மனிதர், கடைசியில் அந்தக் காருக்கு ஏற்ற வீதி வாவிதான் என்று கண்டுபிடித்துவிட்டார்.

தண்ணியில் பம்ப் இல்லை. தண்ணிக்கு இறங்குகிற இடத்தில் இருந்தது. கரைச் சரிவு கீழே போகும். மிதவையின் இரும்புப் பலகை மேலே எழும்பும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு மடிப்பு. முன் சில்லுகள் பலகையில் ஏறின. பிறகு, ஒரு எருமை சேற்றில் படுக்கிற மாதிரி, கார் வயிற்றை அந்த மடிப்பில் வைத்து இருந்துவிட்டது. பின் சில்லு ஒன்று அந்தரத்தில் சுழன்றது.

"நிப்பாட்டுங்கண்ணே! வயிறு இருந்திட்டு!" பாதை ஓட்டுகிற திவாகரன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். குனிந்து பார்த்தான். "இதென்னண்ணே, காருக்குக் கால் எங்க?"

"பதிச்சிருக்கு தம்பி. கொயிலோவர்."

"காசு குடுத்தா பதிச்ச நீங்க?"

மிதவையில் மோட்டார் சைக்கிள்களோடும் மரக்கறி மூட்டைகளோடும் நின்ற சனத்துக்கு அன்றைக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. கார் பாதி ஏறி நிற்க மிதவை நகரவும் ஏலாது. "வெட்டிப் போட்டு முன்பாதிய மட்டும் கொண்டு போங்க," என்றது ஒரு குரல். "கேக்கை இஞ்சயே வெட்டினா பாரம் குறையும்கா," என்றது இன்னொன்று.

"பாரம் குறையத்தான் வேணும். அக்கா, நீங்க இறங்குங்க," என்றான் திவாகரன்.

சொல்வது சுகம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்து இருக்கையில், மடியில் மூன்று தட்டுக் கோபுரத்தோடு இருக்கிற ஒரு பெண், பிடித்துப்போன நாரியோடு எப்படி எழும்புவது? மேர்லின் ஒரு தரம் தெண்டித்து எழும்பப் பார்த்தாள். கோபுரம் அசைந்தது. அப்படியே இருந்துவிட்டாள். கத்தரிக்காய் மூட்டையோடு நின்ற இரண்டு பெண்கள் வந்து, ஒருத்தி பலகையின் இந்தப் பக்கமும் மற்றவள் அந்தப் பக்கமும் பிடித்து, பிள்ளைப்பேறு பார்க்கிறவர்களைப் போல, "மெல்ல, மெல்ல, ஆ, வருது," என்று கேக்கை மடியிலிருந்து தூக்கி எடுத்தார்கள். பிறகு மேர்லினையும் எடுத்தார்கள்.

ஆண்கள் காரைச் சூழ்ந்தார்கள்.

"அதில பிடியாதிங்க, அது பைபர்! ஐயோ, அதிலயும் பிடியாதிங்க, பெயின்ற்!"

"அப்ப எதிலண்ணே பிடிக்கிற? உங்கட கழுத்திலயா?"

தூக்கிப் பின்னுக்குத் தள்ளிக் கார் கரைக்கு வந்து சேர்ந்தது. இன்னொரு தரம் ஏற்றிப் பார்க்கலாமா என்று ஜொய்சன் கேட்டார். திவாகரன் தலையை ஆட்டினான். "ஏத்தினாலும் அக்கரையிலயும் இதே பலகைதான். அங்கயும் இருந்திட்டெண்டா ஆர் தூக்குற?"

மேர்லின் மிதவையில் கேக்குக்குப் பக்கத்தில் நின்றாள். ஜொய்சன் கரையில் காருக்குப் பக்கத்தில் நின்றார்.

"காரை இப்படி விட்டுட்டு நான் எப்படிப் புள்ள வாற?"

"உங்கள ஆர் கூப்பிட்ட? நில்லுங்க." அவள் திவாகரன் பக்கம் திரும்பினாள். "எடுங்க தம்பி, ஐசிங் உருகுது."

மிதவை நகர்ந்தது. வாவி அசையாமல் கிடந்தது. கேக்கும் அசையவில்லை. மேர்லின் கண்ணகைக்குப் போன் எடுத்து நிலைமையைச் சொன்னாள். அக்கரையில் கண்ணகையின் தம்பி லேண்ட்மாஸ்டரோடு நின்றான். அந்த உழவு இயந்திரத்தின் பெட்டிக்கு ஸ்பிரிங் என்று ஒரு சாமான் தொழிற்சாலையிலேயே கிடையாது. அவன் பெட்டிக்குள் இடுப்பளவு புதுவைக்கோல் போட்டிருந்தான். கேக்கை அதில் புதைத்து, பக்கத்தில் மேர்லினும் ஏறி இருந்துகொண்டாள். குழியில் விழுந்தெழும்பிப் போன அந்த வண்டியில் அவளுடைய நாரி மூன்று வாரத்துக்குப் பிறகு முதல்முதலாகச் சும்மா இருந்தது.

வெடிப்பின் மேல் ஒரு சீனிப் பூ ஒட்டப்பட்டது. தாலி கட்டி முடிந்து கேக் வெட்டுக்கு ஆயத்தமானபோது, மாப்பிள்ளையின் பெரியம்மா கத்தியோடு முன்னுக்கு வந்தாள். மேல்தட்டில் குத்தினாள். கேக். கீழ்த்தட்டில் குத்தினாள். கேக். சனம் பார்த்திருக்க, வேண்டுமென்றே நடுத்தட்டின் பின்பக்கம் போய், பூவுக்கு ஒரு அங்குலம் தள்ளிக் குத்தினாள். கத்தியில் ஒட்டி வந்த துண்டை வாயில் போட்டுப் பெரியம்மா நிதானமாக மென்றாள்.

"முந்திரிகை வத்தல் நல்லாப் போட்டிருக்கு," என்று தீர்ப்பு வந்தது. "பழுகாமத்தில என்ட கடைசி மகனுக்கு வாற மாசம். உங்கட நம்பரத் தாங்க."

மேர்லின் திரும்பி வந்து கரை இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. காருக்கு அடியிலிருந்து இரண்டு சோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று முனாஸின் கால்கள். ஜாக்கைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான்.

"ஒசத்தியாச்சு!" ஜொய்சன் முகமெல்லாம் கிறீஸோடு வெளியே வந்தார். "நாலு பக்கமும் திருகி ஒசத்தியாச்சு. இப்ப பாதையில ஏறும்."

மேர்லின் ரயருக்கு மேல் கையை விட்டுப் பார்த்தாள். கொயிலோவர் போட முன்னம் எவ்வளவு உயரத்தில் நின்றதோ, அதே உயரம்.

"கேக் என்ன மாதிரி?" என்று கேட்டார் ஜொய்சன்.

"சரி. பழுகாமத்துக்கு ஒரு ஓடர் வந்திருக்கு."

"நான் சொன்னன்தானே! களுவாஞ்சிக்குடி வரைக்கும் அது தாங்கினது சும்மாவா? கொயிலோவர்தானே!" வெளியே வந்த முனாஸும் தலையாட்டினான். ஜொய்சன் தொடர்ந்தார். "வாற மாசம் நானே கொண்டு போறன் புள்ள. இப்ப எல்லாம் சரியா வந்திட்டு."

"வேணாம். ஓட்டோவுக்குச் சொல்லிட்டன். தட்டுகள் தனித்தனியாப் போகுது. அக்கரைக்கு லேண்ட்மாஸ்டர் வரும்."

"அப்ப நான்?"

"கலியாண வீட்டுக்குக் கட்டாயம் வரச் சொன்னவங்க. நீங்க காரில வாங்க. பாலத்தால சுத்தி, நெல்லுப் பாத்து மெல்ல வாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேருவீங்க."

அவள் கைப்பையிலிருந்து கலியாண வீட்டில் கொடுத்த இரண்டு சின்னக் கேக் பெட்டிகளை எடுத்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். ஜொய்சன் கூரை மடித்த காரின் கதவோரம் நின்றபடி தன்னுடையதைத் திறந்து, கிறீஸ் படாமல் இரண்டு விரலால் பிடித்துக் கடித்தார். நல்ல கேக் என்று சொல்ல வாயெடுத்தவர், தூள் இருக்கையில் விழுந்ததைக் கண்டு முதலில் அதைத் தட்டினார்.